சம்பளம் இல்லாத மைதானம்

மேற்கு அவுஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறைமுகம் மனிதர் வெட்டி எடுத்தது. சுவான் ஆற்றின் வாயை மறித்துக் கிடந்த பாறைத் திட்டை வெடி வைத்துத் தகர்த்து, அடிமணலைத் தோண்டி அகற்றிய பிறகே 1897இல் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடிந்தது. திட்டம் தீட்டியவர் சி. வை. ஓ'கொனர் என்ற பொறியியலாளர். அதே இந்து சமுத்திரத்தின் இன்னொரு கரையில் இருக்கும் திருகோணமலைக்கு இந்தச் சிரமம் எதுவும் இருக்கவில்லை. சுற்றிலும் குன்றுகள், உள்ளே ஆழமான குடா, பருவக் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கப்பலுக்கு ஒதுக்கிடம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் இதற்காக மோதினார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

துறைமுகம் என்ற அளவில் இரண்டையும் ஒப்பிடவே தேவையில்லை. திருகோணமலை பல மடங்கு மேல். விளையாட்டு என்று வந்தால் கணக்கு தலைகீழாகிறது. 1995இல் ஃபிரிமாண்டில் ஊர் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்கில் தனக்கென ஒரு கழகத்தை இறக்கியபோது, அதற்கு 'டொக்கர்ஸ்' என்று பெயர் வைத்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் பெயர் அது. சின்னம் நங்கூரம். அந்தப் பெயரில் கால்சட்டை விற்றுக்கொண்டிருந்த லீவைஸ் நிறுவனம் உரிமைப் பிரச்சினை கிளப்பியதால் பல ஆண்டுகள் கழகம் அதை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்த முடியாமல் இருந்தது வேறு கதை. டொக்கர்ஸ் சட்டையைப் போட்டு மைதானத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் முழுநேரச் சம்பளக்காரர்.

திருகோணமலையிலும் ஒரு டொக்யாட் இருந்தது. பிரித்தானியக் கடற்படையின் கிழக்குப் பகுதிக் கப்பல்கள் பழுது பார்க்கப்பட்ட இடம் அது. ஊரின் பாதி அடுப்புகள் அதன் சம்பளத்தில்தான் எரிந்தன. ஊருக்கு விளையாட்டுகள் பலவும் அதன் வாசல் வழியாகவே வந்தன. ஆனால் அந்த விளையாட்டுகளில் ஒன்றுகூட உள்ளூர் இளைஞன் ஒருவனுக்கு உத்தியோகமாக மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதற்கான விடை மைதானத்தைவிட துறைமுகத்தின் சம்பளப் புத்தகத்தில்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் ஃபிரிமாண்டில் ஆடும் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். அவுஸ்திரேலியர்கள் 'ஃபுட்டி' என்று செல்லமாகச் சொல்லும் இந்த ஆட்டம் நமது உதைபந்தாட்டத்தின் தம்பியும் அல்ல, ரக்பியின் மகனும் அல்ல. 1859 மே மாதம் மெல்பேர்ண் கழகத்தைச் சேர்ந்த சிலர் கூடி எழுதிய விதிகளில் இருந்து வளர்ந்தது. நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்திக் கொடுக்கலாம், எறியக் கூடாது. நடுவில் நிற்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. பக்கக் கம்பங்களுக்குள் போனால் ஒன்று. ஓஃப்சைட் என்ற பேச்சே கிடையாது. அதனால் பந்து எங்கு போகிறதோ அங்கெல்லாம் ஓட வேண்டியவர் ஒருவர் தேவைப்படுகிறார். அவரே மத்தியகள வீரர். நடுவர் பந்தை உயரே எழுப்ப, இரு பக்கத்து நெட்டையர்களும் பாய்ந்து தட்ட, அந்தத் தட்டலின் அடியில் நெரிசலுக்குள் நின்று பந்தைப் பொறுக்கி வெளியே கொண்டுவருவது இவர் வேலை. ஓர் ஆட்டத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர் ஓடுவது சாதாரணம். 1924இல் இருந்து வழங்கப்படும் பிரவுன்லோ பதக்கத்தை அண்மைத் தசாப்தங்களில் பெரும்பாலும் இவர்களே அள்ளிப் போகிறார்கள்.

இவர்களுக்கும் ஒரு காலத்தில் சம்பளம் இருக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். 1930இல் விக்டோரிய லீக் 'கூல்டர் சட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஓர் ஆட்டத்துக்கு மூன்று பவுணுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம். மூன்று பவுணும் பெரிய காசுதான். ஆனாலும் நல்ல ஆட்டக்காரனைக் கழகத்துக்கு இழுக்க உண்மையில் பயன்பட்டது ஓர் உத்தியோக உறுதிமொழி. சனிக்கிழமை பதினாயிரக்கணக்கானோர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை பட்டறைக்கோ கந்தோருக்கோ போனார். போர்ட் மெல்பேர்ண், வில்லியம்ஸ்டவுண், போர்ட் அடெலெய்ட் போன்ற கரையோரக் கழகங்களுக்குத் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களே முதுகெலும்பு. அந்தக் கட்டத்தில் அங்கும் இங்கும் அதிக வித்தியாசம் இல்லை.

திருகோணமலைக்குள் கடற்படை கொண்டுவந்தது வெறும் பீரங்கியை மட்டுமா? கப்பல் பல வாரங்கள் குடாவில் நங்கூரம் போட்டுக் கிடக்கும்போது நூற்றுக்கணக்கான இளைஞர்களைக் கரையில் என்ன செய்வது என்பது பிரித்தானிய அதிகாரிகளின் நிரந்தரத் தலையிடி. அதற்கு அவர்கள் கண்ட மருந்து மைதானம். கப்பலுக்கும் கப்பலுக்கும், கப்பலுக்கும் கரைக்கும் உதைபந்தாட்டம், ஹொக்கி, கிரிக்கெட். வேலிக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள் வேலிக்கு வெளியே அதையே ஆடினார்கள். கொழும்பிலும் காலியிலும் நடந்ததும் இதுதான். ஆனால் திருகோணமலையில் கடற்படையைத் தவிர வேறு பெரிய முதலாளி இல்லை. அதுதான் இந்த ஊரின் தனித்தன்மை.

1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. துறைமுகத்தில் நின்ற 'சாகைங்' கப்பல் தீப்பற்றியது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மீது ஒரு விமானம் விழுந்து வெடித்த தீ பல நாள் எரிந்தது. முதல் நாள் இரவே பாதுகாப்புக்காகத் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்த விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதற்குத் துணையாகப் போயிருந்த நாசகாரிக் கப்பல் 'வம்பயர்' அவுஸ்திரேலியாவுடையது. ஜேர்மனியப் பிரசாரத்தால் 'பழைய இரும்புப் படை' என்று நையாண்டி செய்யப்பட்டு, பிறகு அந்தப் பெயரையே பெருமையாகச் சுமந்த ஐந்து கப்பல்களில் அதுவும் ஒன்று. மத்தியதரைக் கடலில் தப்பியது, அன்று இங்கே கடலடியில் போய்ப் படுத்துவிட்டது.

ஆக, திருகோணமலைக்கும் அவுஸ்திரேலியர்களுக்கும் தொடர்பு கிரிக்கெட் ஒளிபரப்போடு தொடங்கியதல்ல. 1944 ஏப்ரலில் சபாங் தாக்குதலுக்காக இந்தக் குடாவில் இருந்து புறப்பட்ட படையணியில் பிரித்தானியக் கப்பல்களோடு அமெரிக்காவின் 'சரடோகா', பிரான்ஸின் 'ரிஷ்லியூ', நெதர்லாந்தின் 'துரோம்ப்', நியூசிலாந்தின் 'கம்பியா', அவுஸ்திரேலியாவின் நாசகாரிகள் எல்லாம் இருந்தன. அதே ஆண்டில் திருகோணமலையில் தங்கியிருந்த பிரித்தானிய நீர்மூழ்கிகளின் ஒரு பிரிவு, 'மெய்ட்ஸ்டோன்' என்ற தாய்க்கப்பலோடு, இடம் மாறிப் போன துறைமுகம் எது தெரியுமா? ஃபிரிமாண்டில்.

அவுஸ்திரேலியச் சிப்பாய் போன இடமெல்லாம் அந்த நீள்வட்டப் பந்தும் போனது. சிங்கப்பூர் சாங்கி சிறைமுகாமில்கூட. 1933இல் பிரவுன்லோ பதக்கம் வென்ற வில்ஃபிரட் ஸ்மோல்ஹோர்ன் அங்கே கைதியாக இருந்தார். அவரும் நண்பர்களும் விக்டோரியக் கழகங்களின் பெயர்களைச் சூட்டி முகாமுக்குள் ஒரு லீக்கையே நடத்தினார்கள். சிறந்த ஆட்டக்காரனுக்கு ஒரு பதக்கம் வேறு. 1943 ஜனவரியில் அதைப் பெற்றவர் பீட்டர் சிட்டி. முன்பு செயின்ட் கில்டா கழகத்துக்கு ஆடியவர். சில மாதங்களில் அவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் எண்ணிக்கை தெரியாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். சிட்டி உயிரோடு ஊர் திரும்பினார். அவருடைய பதக்கம் இன்று பாதுகாக்கப்படும் பொருள். அந்தத் தமிழர்களில் யார் எந்த விளையாட்டை ஆடினார் என்று எழுதி வைக்க ஆளில்லை.

போர் முடிந்ததும் திருகோணமலைக்கு வேறொரு பந்து வந்தது. கிழக்கின் கத்தோலிக்கப் பாடசாலைகளை நடத்திவந்த யேசு சபையின் பிரெஞ்சுத் துறவிகளுக்குப் பதிலாக, அச்சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்கத் துறவிகள் வந்து சேர்ந்தார்கள். 1867இல் தொடங்கப்பட்ட திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியும் அவர்கள் கைக்கு வந்தன. இந்த அமெரிக்கர்களுக்கு உதைபந்தாட்டம் தெரியாது, கூடைப்பந்தாட்டம் தெரியும். லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்த அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் கிழக்கில் அந்த விளையாட்டின் ஆசானாகவே நினைக்கப்படுகிறார். மட்டக்களப்பின் கூடைப்பந்தாட்டப் புகழுக்குப் பின்னால் அவருடைய விசில் இருந்தது. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனைப் பக்கத்தில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற் போனார். இன்றுவரை தகவல் இல்லை.

துறவிகள் விளையாட்டைக் கொடுத்தார்கள். உத்தியோகம் கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. அது டொக்யாட்டின் வேலை. அந்த டொக்யாட்டுக்கு 1957இல் முடிவு வந்தது.

அந்த ஆண்டை இரண்டு கரைகளிலும் நின்று பார்த்தால் நல்லது. 1957 செப்டெம்பரில் மெல்பேர்ண் கழகம் எசெண்டனைத் தோற்கடித்துத் தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கிண்ணம் வென்றது. அன்றைய நாயகன் ரொன் பராசி, வயது இருபத்தொன்று. அவருடைய தகப்பனும் அதே கழகத்து ஆட்டக்காரர்; 1941இல் தொப்ரூக்கில் கொல்லப்பட்டார். மகன் பராசி நெட்டையனுக்கும் குள்ளனுக்கும் இடைப்பட்ட ஓர் ஆள். எந்த இடத்திலும் சரியாகப் பொருந்தவில்லை. பயிற்றுநர் நோர்ம் ஸ்மித் அவருக்காகவே நடுக்களத்தில் ஒரு பாத்திரத்தை வடிவமைத்தார். இன்றைய மத்தியகள வீரரின் முன்னோடி அந்தப் பாத்திரந்தான். 1964 முடிவில் அதே பராசி கார்ல்டன் கழகம் காட்டிய பணத்துக்கும் பயிற்றுநர் பதவிக்கும் இசைந்து இடம் மாறியபோது மெல்பேர்ணே அதிர்ந்தது. ஆட்டக்காரனுக்கு விலை உண்டு என்பதை ஊர் வெளிப்படையாகப் பார்த்தது. அதன் பிறகு நடந்தது ஒரே திசையில் போன பயணம்: 1982இல் சவுத் மெல்பேர்ண் கழகம் சிட்னிக்குப் பெயர்ந்தது, 1986இல் வீரர் தெரிவு முறை, 1987இல் பேர்த்தில் இருந்து வெஸ்ட் கோஸ்ட், 1990இல் விக்டோரிய லீக்குக்கு அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக் என்ற புதுப் பெயர், தொலைக்காட்சிப் பணம்.

பராசி கிண்ணம் தூக்கி ஒரு மாதம் ஆகவில்லை. 1957 ஒக்டோபர் 15இல் திருகோணமலைத் தளத்தில் பிரித்தானியக் கொடி இறங்கியது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு தளத்தைப் பொறுப்பேற்றது. சுதந்திர நாட்டுக்கு அது நியாயமான வெற்றி. யாரும் மறுக்க முடியாது. ஆனால் டொக்யாட்டை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு அது வேலையிழப்பு. கேரளத்தில் இருந்து வந்திருந்த மலையாளிகள் பலர் கப்பலேறினர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கடலுக்கும் வயலுக்கும் கடைக்கும் திரும்பினர். மெல்பேர்ணில் துறைமுகத் தொழிலாளியின் மகன் ஆட்டத்தால் சம்பளம் வாங்கும் நிலையை நோக்கி நகர்ந்த அதே தசாப்தத்தில், திருகோணமலையில் துறைமுகத் தொழிலாளி என்ற ஆளே இல்லாமற் போகத் தொடங்கினார்.

மிச்சமிருந்த பெரிய முதலாளி இலங்கைக் கடற்படை. இலங்கையில் விளையாட்டு வீரனின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும். இங்கே பெரும்பாலும் ஆட்டம் சம்பளம் தராது. ஆட்டத்துக்காக ஓர் இடத்தில் உத்தியோகம் கிடைக்கும். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ், துறைமுக அதிகார சபை, வங்கி. சுழற்பந்து வீச்சாளர் அஜந்த மெண்டிஸ் இராணுவப் பீரங்கிப் படையில் இருந்து வந்தவர். ரங்கன ஹேரத் டெஸ்ட் விக்கெட்டுகளை அள்ளிக் குவித்துக்கொண்டே வங்கி உத்தியோகத்தையும் வைத்திருந்தார். கிரிக்கெட்டிலேயே இந்த நிலை என்றால் உதைபந்தாட்டக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெல்பேர்ண் 1930களில் வாழ்ந்த வாழ்க்கையை இலங்கை இன்னமும் வாழ்கிறது.

அப்படியானால் கடற்படைத் தளத்தின் மடியில் கிடக்கும் ஊரின் பையனுக்கு வாய்ப்பு அதிகம் அல்லவா? ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. 1960 முதல் 1970 வரை கடற்படையின் தளபதியாக இருந்தவரே ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். ஆனால் 1956 மொழிச் சட்டத்துக்குப் பிறகும், 1962இன் தோல்வியடைந்த சதிப்புரட்சிக்குப் பிறகும் படைகளில் தமிழர் சேர்வது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 1983 ஜூலையில் திருகோணமலை நகரில் தமிழரின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைத்தவர்களில் தளத்தை விட்டு வெளியே வந்த கடற்படைச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு நன்றாகப் பந்து உதைக்கும் ஒரு தமிழ்ப் பையனிடம் கடற்படை அணியில் சேர் என்று எந்தத் தகப்பன் சொல்லுவார்? வாசல் பூட்டப்பட்டது மட்டுமல்ல, அந்தப் பக்கம் போவதே வெட்கமாகவும் பயமாகவும் ஆனது. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் இளைஞர்களின் உதைபந்தாட்டம் உயிரோடு இருந்தது. நகரில் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் ஊரடங்கு இல்லாத மாலைகளில் ஆட்டம் நடந்தது. ஆட்டம் இருந்தது. ஆட்டத்தைத் தொடர்ந்து வாழ ஒரு வழி இருக்கவில்லை.

2006இல் இந்த இரண்டு கரைகளுக்கும் இடையே இருந்த தூரம் கண்ணை உறுத்தும். அந்த ஆண்டு செப்டெம்பர் 30இல் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் தொண்ணூற்றேழாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் வெஸ்ட் கோஸ்ட் அணி சிட்னியை 85–84 என்று ஒரே ஒரு புள்ளியால் வென்றது. அதன் நடுக்களத்தில் ஆடியவர்களில் ஒருவர் டானியல் கேர், வயது இருபத்து மூன்று. முந்திய ஆண்டு பிரவுன்லோ பதக்கத்தை ஒரே ஒரு வாக்கில் தன் அணித்தோழர் பென் கசின்ஸிடம் இழந்தவர். 2001 முதல் 2013 வரை 220 ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்றார். நம் வாசகருக்கு இவர் பெயரைவிடத் தங்கை சாம் கேரின் பெயர் தெரிந்திருக்கும். அவுஸ்திரேலிய மகளிர் உதைபந்தாட்ட அணியின் தலைவி. சாம்கூட சிறுவயதில் நீள்வட்டப் பந்தையே உதைத்தவர். இவர்களுடைய தகப்பன் றோஜர் கேர் பிறந்தது கல்கத்தாவில். அவருடைய தாய் இந்தியப் பெண். ஹூக்ளி ஆற்றுத் துறைமுக நகரில் இருந்து ஃபிரிமாண்டில் பக்கம் போய்ச் சேர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஒன்று, ஒரே தலைமுறையில் இரண்டு முழுநேர ஆட்டக்காரரைத் தந்திருக்கிறது. குடும்பத்தின் திறமை ஒரு பாதி. சம்பளம் தரும் லீக் காத்திருந்த ஊருக்கு அவர்கள் போனது மறுபாதி.

அதே 2006 செப்டெம்பரின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் சம்பூரை அரச படைகள் கைப்பற்றின. ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டில் தொடங்கிய சண்டை மூதூர் வழியாக அங்கே வந்து நின்றது. சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது நிலத்தில், பாடசாலை நின்ற காணி உட்பட, கடற்படை முகாம் அமைந்தது. படிப்படியாக விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்ப ஏறத்தாழ பத்தாண்டு ஆனது. டானியல் கேர் அதன் பிறகு விளையாடி முடித்த காலம் முழுவதையும் சம்பூர்ப் பிள்ளைகள் முகாம்களில் கழித்தார்கள்.

தமிழருக்கு அவுஸ்திரேலியாவில் விளையாட்டு வாழ்க்கையே கிடைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரி. ஆறடி பத்தங்குல உயரம். செலான் வங்கியின் ஆதரவில் இலங்கையில் ஆடியவர், மெல்பேர்ணின் சிற்றி வெஸ்ட் ஃபல்கன்ஸ் கழகத்துக்காகவும் களமிறங்கினார். 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டு முழுத் தொடரிலும் முதலிடம். அவரைப் பற்றி எழுதுபவர்கள் உயரத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். வங்கி உத்தியோகம் ஒன்று கிடைக்காமல் இருந்திருந்தால் அந்த உயரத்தை யார் கண்டிருப்பார் என்ற கேள்வியைக் கேட்பவர் குறைவு.

இலங்கை உதைபந்தாட்டம் கடைசியில் முழுநேரத் தொழிலாக மாற ஒரு முயற்சி எடுத்தது. 2021இல் சூப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்கள் இடம்பெற்றன. அவற்றில் டிஃபெண்டர்ஸ் இராணுவத்துடையது, புளூ ஈகிள்ஸ் விமானப்படையுடையது, சீ ஹோக்ஸ் கடற்படையுடையது. மற்ற ஏழும் கொழும்பு, களுத்துறை, வென்னப்புவ, நாவலப்பிட்டி என்று தெற்கையும் மேற்கையும் மலைநாட்டையும் சேர்ந்தவை. இளவாலை, நாவாந்துறை, பாசையூர், மன்னார் என்று உதைபந்துக்காகவே மாலைகள் காத்திருக்கும் வடக்கில் இருந்தோ, கிண்ணியாவும் மூதூரும் இருக்கும் கிழக்கில் இருந்தோ ஒரு கழகமும் இல்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. தடை நீங்க அந்த ஆண்டு ஓகஸ்ட் ஆயிற்று. சூப்பர் லீக் அதற்கு முன்பே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

திருகோணமலையில் இன்று பழைய டொக்யாட் வளவுக்குள் கடற்படையின் கிழக்குக் கட்டளைப் பீடம் இயங்குகிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. பிரிமா மா ஆலையும் சீமெந்து ஆலையும் கூலி கொடுக்கின்றன. இவற்றில் ஒன்றாவது ஒரு கழகத்துக்குச் சட்டை வாங்கித் தந்து, பத்துப் பையன்களை மாதச் சம்பளத்துக்கு எடுத்தால், கிண்ணியாவில் ஒரு மத்தியகள வீரர் தயாராகவே நிற்கிறார். மெல்பேர்ண் 1930களில் தொடங்கியதும் அந்த அளவில் இருந்துதான்.